துபாஷி சொன்னது

ஆமாங்க அம்மிணி, அது நான்தான். அந்தப் படத்துல தலப்பாக் கட்டிக்கிட்டு, நீளக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஆத்தோரத்துல நிக்கிறானே துபாஷி, அது நான்தானுங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல இருந்தே நீங்க என்ற மூஞ்சியப் பாக்கறதும் திரும்பிக்கறதுமா இருந்தீங்க, கவனிச்சேன். எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க. போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில உக்காந்திருக்கறேன். ஒருத்தர் எந்திரிச்சு வந்து, "நீங்கதானே அந்தப் பொய் சொல்ற ஆளு? என்னமா நடிச்சிருக்கீங்க" அப்படின்னு கையப் புடிச்சுக் குலுக்கறாரு. சோத்துக் கையி. நான் என்னங்க பதில் சொல்றது? நடிச்சிருந்தாத்தானே சொல்றதுக்கு.

வால்பாறைக்குத்தானே போறீங்க? ஆழியாறு தாண்டிட்டா நாப்பது வளைவு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். படத்தை நீங்க பாத்துட்டீங்க. நடந்ததைக் கேக்கலை. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என்ற மேல என்ன தப்புன்னு.

என்ற பேரு நாச்சிமுத்து. சினிமாக் கம்பெனிகளுக்கு இடம் புடிச்சுக் குடுக்கறது தொழிலு. தோப்பு வேணுமா, அணை வேணுமா, பழைய பங்களா வேணுமா, என்னைத்தான் கூப்பிடுவாங்க. முப்பது வருசம். ஒரு கம்பெனியும் என்னைக் குறை சொன்னதில்ல. மலைக்காட்டுல எடுக்கறதுன்னா என்னைவிட்டா ஆளே கெடையாது. எதனாலன்னா, அங்க இருக்கற ஜனங்க பேச்சு எனக்கு வரும். என்றப்பா மரம் வெட்டற கூப்புல மேஸ்திரியா இருந்தவரு. நான் பத்துப் பன்னண்டு வயசு வரைக்கும் அங்கதான் வளந்தேன். அவிய பேசறது தமிழ் மாதிரியும் இருக்கும், மலையாளம் மாதிரியும் இருக்கும், ரெண்டும் இல்ல. வெளியாளுக்குப் பாதிதான் புரியும். எனக்கு முழுசும் புரியும். அப்பா அவியளை நல்லா வெச்சிருந்தாருங்க. யாரையும் அடிச்சதில்ல. அதட்டுவாரு, அவ்வளவுதான்.

மூணு வருசத்துக்கு முன்னாடி மும்பையில இருந்து ஒரு டைரக்டர் அம்மா வந்தாங்க. மிருணாள்னு பேரு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எல்லாம் இங்கிலீசுதான். நல்லவங்க, அதை நான் மறைக்க மாட்டேன். பாறைமேடுன்னு மேல ஒரு குடியிருப்பு இருக்குது, முப்பது வீடு, அதுக்குப் பின்னால அடர்ந்த மழைக்காடு. அங்க எடுக்கணும்னாங்க. கதையச் சொன்னாங்க. நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தக் காட்டை அளக்க வர்றான். காட்டு ஜனங்க அவனுக்கு வழி காட்டறாங்க. எந்தக் கெழங்கைத் திங்கலாம், எந்த எலையை அரைச்சுக் காயத்துல வெக்கலாம், ஒண்ணொண்ணா சொல்லிக் குடுக்கறாங்க. அவன் எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கறான். சீமைக்குப் போயி அவன் பேருல புஸ்தகம் போடறான். ஒரு செடிக்கே அவன் பேரை வெச்சுப்போடறாங்க. இந்த ஜனங்களை எடத்தை விட்டு எறக்கிட்டுத் தேயிலை போடறாங்க. கேக்கக் கேக்க எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சுங்க. வெள்ளைக்காரன் அவியளை ஒரு மனுசனா மதிச்சானா பாருங்க.

நான் போய் எல்லாத்தையும் பேசி முடிச்சேன். காட்டுக்குள்ள எடுக்கறதுக்கு அனுமதி, சாமான் தூக்க ஆளு, நடிக்க ஆளு. மேடம் குடியிருப்புப் பொம்பளைகளை வரிசையா நிக்க வெச்சுப் பாத்துட்டு ஒருத்தியக் கையக் காட்டினாங்க. மயிலாள்னு பேரு. நாப்பது வயசு இருக்கும். அதிகம் பேசாது, சிரிக்கவும் சிரிக்காது. துரைக்கு வழி காட்டற பொம்பளையா அதுதான் நடிக்கணும்னாங்க. அதோட புருசன் நாகப்பன். தேன் எடுக்கறவன். நூறடி மரத்துல கொடியப் புடிச்சுக்கிட்டு ஏறுவான், நீங்க மாடிப்படி ஏறற மாதிரி. அவனுக்கும் ஒரு வேசம். துரையோட பொட்டி தூக்கறவன்.

தொடக்கத்துல இருந்தே இந்த மயிலாளால தொந்தரவுதானுங்க. மொத நாளு கூடாரம் அடிச்சு முடிச்சோம். அது வந்து நின்னு பாத்துட்டு, இது யானை நடக்கற வழி, எடுங்கன்னு சொல்லுது. நான் மேடத்துகிட்டச் சொன்னேன். உடனே எல்லாத்தையும் பிரிச்சுத் தள்ளி அக்கட்டால கொண்டு போகச் சொல்லிட்டாங்க. ஒரு நாள் வேலை போச்சு. மறுநா வெடியக்கால யானை அதே வழியில வந்துச்சு, நாங்க விட்டு வந்த கக்கூஸ் கூடாரத்தை மிதிச்சுப்போட்டுப் போச்சு. சரி, வந்துச்சு. காட்டுல யானை வர்றது ஒரு அதிசயமுங்களா?

அப்புறம் ஒரு பெரிய மரத்துல பலகை கட்டிக் கேமராவ மேல ஏத்தறதா இருந்துச்சு. அதுக்கும் வந்து நின்னுக்கிச்சு. மேல மலைத்தேனீ இருக்குது, ஏணி சாத்தாதீங்கன்னு. அதையும் சொன்னேன். அதுக்கும் அரை நாள் போச்சு. மேடம் என்னடான்னா அது கையப் புடிச்சுக்கிட்டு நன்றி சொல்றாங்க. இனிமே தினமும் காலைல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால மயிலாளைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு உத்தரவு போட்டுட்டாங்க. எத்தனையோ கம்பெனிக்கு வேலை செஞ்சவன் நான், எனக்கு மேல அது.

அன்னைக்கே மும்பையில இருந்து போன். படத்துக்குப் பணம் போடற ஆளோட மேனேஜரு. அந்தப் பொம்பளை நின்னாப் படமும் நிக்கணுமா, உன்னை எதுக்கு வெச்சிருக்குது, அப்படின்னு கேக்கறான். என்ற மகன் வயசு இருக்கும் அவனுக்கு. திட்டு வாங்கினது மேடம் இல்லைங்க. மயிலாளும் இல்லை. நான்.

தண்ணி குடிக்கறீங்களா? வளைவுல தல சுத்துச்சுன்னா ஜன்னலுக்கு வெளிய தூரமாப் பாருங்க. பக்கத்துல பாக்காதீங்க.

துபாஷி வேசத்துக்குச் சென்னையில இருந்து ஒரு நடிகர் வந்திருந்தாரு. மூணு நாள் அட்டைக்கடியில காய்ச்சல் வந்து கெளம்பிட்டாரு. மேடம் என்னைப் பாத்தாங்க. துபாஷின்னா என்ன, வெள்ளைக்காரனுக்கும் நம்ம ஆளுகளுக்கும் நடுவுல நின்னு பேச்சை மாத்திச் சொல்றவன். தினமும் நீங்க செய்யற வேலைதானே, நீங்களே போட்டுக்கங்கன்னாங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் ஒத்துக்கிட்டேன்.

இதைக் கேளுங்க அம்மிணி, இதுதான் முக்கியம். அவங்க எழுதி வெச்சிருந்த கதையில துபாஷி நல்லவன். காட்டுப் பொம்பளை ஆத்தங்கரையில நின்னு, அக்கரையில எங்க செத்தவங்களைப் பொதைச்சிருக்கோம், போகாதீங்கன்னு சொல்லும். துபாஷி அதைக் கொஞ்சமும் மாத்தாமத் துரைகிட்ட இங்கிலீசுல சொல்லுவான். துரைதான் கேக்காம எறங்குவான். தப்புப் பூராவும் துரை மேல. நான் நல்லவன். அந்தக் காகிதம் இன்னும் என்ற பீரோவுல இருக்குது. வேணும்னா உங்களுக்கு நகல் எடுத்து அனுப்பறேன்.

அந்த ஒரு சீனுதான் எனக்கு. மத்ததெல்லாம் பின்னால நிக்கறது, நடக்கறது. இந்த ஒரு சீனுலதான் பேச்சு. வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன். வீட்டுக்காரி சிரிச்சா. என்ற தங்கச்சி ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டா. முப்பது வருசமா அடுத்தவன் நடிக்க இடம் புடிச்சுக் குடுத்தவனுங்க நான். அதுக்காகத்தான் நான் அப்படிச் செஞ்சேன்னு சொல்லாதீங்க. அதுக்காக இல்ல.

ஆத்துச் சீனு எடுக்கறதுக்கு ரெண்டு நாளு போனோம், ரெண்டு நாளும் மழை. காட்டுக்குள்ள இருக்கறதுக்கு அனுமதி மூணாவது நாளோட முடியுது. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் வெளிய வந்தாகணும். மூணாவது நாளு பாத்தீங்கன்னா வானம் கழுவி விட்ட மாதிரி இருக்குது. வெயிலு சுள்ளுன்னு. ஆத்துல முழங்கால் தண்ணி. அடியில கெடக்கற கூழாங்கல்லு தெரியுது. காலைல மயிலாளைக் கேட்டோம். பாக்கலாம்னு சொல்லுச்சு. வேண்டாம்னு சொல்லலைங்க. பாக்கலாம்னுதான் சொல்லுச்சு.

பதினோரு மணி. துரையா நடிக்கறவன் டோபின்னு ஒரு இங்கிலாந்துப் பையன். அவன் முன்னால நிக்கறான். பக்கத்துல நான், தலப்பாவும் கம்பளிக் கோட்டும். பின்னால எட்டுப் பேரு தலையில தகரப்பொட்டி. நாகப்பன் நாலாவது ஆளு. மயிலாள் கரையில ஒரு பாறை மேல நிக்குது. கேமரா ஓடுது. மேடம் ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க.

மயிலாள் அந்தச் செத்தவங்க வசனத்தைச் சொல்லணும். சொல்லலை. குனிஞ்சு தண்ணியப் பாத்துக்கிட்டே நிக்குது. அப்புறம் நிமிந்துச்சு. வசனப்படி துரையத்தான் பாக்கணும். அது என்னைப் பாத்துச்சுங்க. என்னைப் பாத்து அவிய பேச்சுல சொல்லுச்சு. நம்ம தமிழ்ல சொன்னா இதுதான்.

"பச்சை எலை வருதுண்ணா. காஞ்ச எலை வந்தாப் பரவால்ல. பச்சை எலைன்னா மேல மரம் முறியுது. நண்டெல்லாம் கல்லு மேல ஏறிருச்சு பாருங்க. யாரும் எறங்க வேண்டாம். எறங்கினவங்களையும் மேல ஏறச் சொல்லுங்க."

இது எழுதிக் குடுத்தது இல்லைன்னு மேடத்துக்கே தெரிஞ்சுபோச்சு. கேமராவுக்குப் பின்னால இருந்தே, என்ன சொல்றாங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. டோபி பாக்கறான், பாதுகாப்புக்குக் கரையில கயிறு வெச்சுக்கிட்டு நிக்கற கயித்துக்காரங்க பாக்கறாங்க. எனக்கு மேல வானத்துல ஒரு மேகம் இல்ல. இதைச் சொன்னா என்ன ஆகும்? யானைக்கு ஒரு நாளு, தேனீக்கு அரை நாளு. இப்ப நண்டுக்காக எல்லாத்தையும் கட்டி எடுத்துட்டுப் போகணும். மறுக்கா அனுமதி வாங்க மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள அந்தச் சீனே வேண்டாம்னு வெட்டிப்போடுவாங்க.

நான் இங்கிலீசுல சொன்னேன். "பச்சை இலை மிதந்து வருதாம். நல்ல சகுனமாம்."

அவ்வளவுதான் சொன்னேன். இலைன்னு சொன்னேனா இல்லையா? பச்சைன்னு சொன்னேனா இல்லையா? இல்லாததை ஒண்ணும் சொல்லலை. சகுனம்ங்கறது ஒரு பேச்சுக்குச் சேத்தினது.

மேடத்துக்கு ஒரே சந்தோசம். கேமராக்காரனைத் தண்ணிப் பக்கம் திருப்பச் சொன்னாங்க. எலை நாலஞ்சு மிதந்து வருது, வெயிலு பட்டு மின்னுது. அதை எடுத்தாங்க. படத்துல பாத்திருப்பீங்களே.

மயிலாள் என்னைக் கேட்டுச்சு, சொல்லிட்டீங்களான்னு. சொல்லிட்டேன்னேன். அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டுச்சு. பரவால்ல, அரை நிமிசத்துல முடிச்சுக்கலாம்னு சொல்றாங்கன்னேன். அது மேடத்தைப் பாத்துச்சு. மேடம் அதைப் பாத்துச் சிரிச்சுக் கட்டை விரலை உசத்திக் காட்டினாங்க. அது பாறைய விட்டு எறங்கி மேட்டுப் பக்கம் போயி நின்னுக்கிச்சு.

நாகப்பன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். பொட்டியத் தலையில வெச்சுக்கிட்டே வரிசைய விட்டு வந்தான். "அவங்க எறங்கத்தான் போறாங்கன்னா நான் உங்களுக்குக் கீழ்ப்பக்கமா நடக்கறேண்ணா, சறுக்கினாப் புடிச்சுக்கறேன். எனக்குக் கல்லு தெரியும்" அப்படின்னான். நான்தான் சரின்னேன். அப்படியே நடந்து வந்தான், தண்ணிக்குள்ள. ராஜா மாதிரி நடப்பானுங்க அவன். பொட்டியக் கையில கூடப் புடிக்க மாட்டான்.

நடு ஆத்துக்குப் போயிட்டோம். மொதல்ல சத்தம்தான். மலைப்பாதையில லோடு லாரி ஏறி வர்ற மாதிரி ஒரு உறுமல். நான் ரோட்டுப் பக்கம்னு நெனச்சேன். அங்க ரோடே கெடையாது. திரும்பிப் பாக்கறேன், தண்ணி செம்மண் நெறத்துல, ஆளு ஒசரத்துக்கு, கட்டையும் வேருமா உருண்டு வருது. மேல எங்கியோ மழை பேஞ்சிருக்குது. எங்களுக்கு ஒரு துளி விழலைங்க. வெயிலு அடிச்சுக்கிட்டேதான் இருக்குது.

பொட்டிக்காரங்க ஏழு பேரும் பொட்டியப் போட்டுட்டுக் கரைக்குத் தாவிட்டாங்க. அவியளுக்குத் தண்ணி பழக்கம். டோபியக் கயித்துக்காரங்க இழுத்துட்டாங்க. எனக்குக் கோட்டு. கம்பளிக் கோட்டு தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கல்லாட்டம் ஆயிருச்சு. காலு தூக்கிருச்சு. மூக்குல வாயில மண்ணு. மேல எது கீழ எதுன்னு தெரியலை. செத்தேன்னுதான் நெனச்சேன். அப்பப் பொறத்தால யாரோ கோட்டுக் காலரைப் புடிச்சாங்க. புடிச்சு, முதுகுல கைய வெச்சு, ஒரே தள்ளு. நெஞ்சு ஒரு பாறையில மோதுச்சு. கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

நாகப்பன்தான். என்னைத் தள்ளினவன் அதே பாறையில அவனும் ஏறிருக்கலாம். எடம் இருந்துச்சு. என்னைத் தள்ளின வேகத்துல அவன் பின்னால சறுக்கிட்டான். அந்நேரத்துக்கு ஒரு மரம் வந்து அவனைக் கல்லோட சேத்து நசுக்கிருச்சு. இடது காலு. கத்தலைங்க அவன். நான் நாலு முழம் தள்ளித்தான் இருந்தேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். கயித்தக் கட்டி அவனை எடுக்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஆஸ்பத்திரியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

நூறடி மரம் ஏறறவன்.

மேடம் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதாங்க. என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, மயிலாள் முன்னாலயே ஏதாச்சும் சொல்லுச்சா, நான் கவனிக்காம விட்டுட்டேனான்னு. இல்லைங்க மேடம், யாருக்கும் தெரியாது, இயற்கைன்னு சொன்னேன். அழுதுக்கிட்டு இருக்கறவங்ககிட்ட வேற என்ன சொல்லுவீங்க? அவங்க மனசு ஆறணும்னுதான் சொன்னேன். மயிலாள் என்ன நெனச்சுச்சுன்னா, எல்லாத்தையும் கேட்டுட்டும் மேடம்தான் எறங்கச் சொன்னாங்கன்னு. ரெண்டு வருசம் அந்தம்மா பேரைச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிரும். எனக்கு டீத்தண்ணி வெச்சுக் குடுக்கும். நான் மாசம் ஒருக்காப் போவேன், நாகப்பனைப் பாக்க. வாசல்லயே உக்காந்திருப்பான். தேன் எடுக்கறவங்க அவனைத்தான் கேட்டுட்டுப் போவாங்க, எந்த மரம், எந்தப் பக்கம்னு. அவன் ஒக்காந்த எடத்துல இருந்தே சொல்லுவான். என்மேல அவனுக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நல்லா இருக்கீங்களாண்ணான்னு கேப்பான்.

அப்புறம் படம் முடிஞ்சுது. எனக்குத் தெரியாம என்ன நடந்துச்சுன்னா, அவிய பேச்சுக்கெல்லாம் கீழ எழுத்துப் போடணும்ல, அதுக்கு மேடம் என்னைக் கூப்பிடலை. பாறைமேட்டுல சுகந்தின்னு ஒரு புள்ள நர்சு படிப்பு படிச்சுக்கிட்டு இருக்குது, இங்கிலீசும் தெரியும். அதுகிட்ட அனுப்பிருக்காங்க. அது மயிலாள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி அனுப்பிருச்சு. அப்பத்தான் மேடத்துக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? கேக்கலை. கதைய மாத்திட்டாங்க. மயிலாள் பேசினதை அப்படியே வெச்சாங்க. என்ன சொல்றாங்கன்னு மேடம் கேட்டதை வெட்டிட்டு, டோபி கேக்கற மாதிரி குரலு சேத்தினாங்க. அப்புறம் நான் சொன்னது. அப்புறம் அந்த எலை. அப்புறம் நாங்க எறங்கறது, தண்ணி வர்றது, எல்லாம் நெசமா நடந்ததே. நல்ல துபாஷி கெட்ட துபாஷி ஆயிட்டான். கடைசியில பேரு வேற போட்டிருக்குது, துபாஷி, நாச்சிமுத்துன்னு.

என்னையும் கேக்கலை, மயிலாளையும் கேக்கலை, நாகப்பனையும் கேக்கலை. வெளிநாட்டுல ஓட்டி, பரிசு வாங்கி, பேப்பர்ல எல்லாம் போட்டதுக்கு அப்புறம்தான் பாறைமேட்டுக்கு வந்தாங்க. அவன் காலு போறதை ஊரே பாத்ததுக்கு அப்புறம். இது மட்டும் நாயமுங்களா? கையில நோட்டு வெச்சிருக்கீங்க, எழுதறதா இருந்தா இதையும் எழுதுங்க.

எனக்குப் போன் வந்துச்சு, எல்லாரும் சேந்து பாக்கலாம் வாங்கன்னு. எனக்கு என்ன தெரியும், நல்ல துபாஷின்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கறேன். புதுச் சட்டை போட்டுக்கிட்டு, அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கிட்டுப் போனேன். அங்கன்வாடி ரூமுல ஜன்னலுக்கெல்லாம் கம்பளி போட்டு மறைச்சுச் சொவத்துல படம் காட்டறாங்க. மத்தியானம். முப்பது வீட்டு ஜனமும் தரையில ஒட்டுக்கா உக்காந்திருக்குது. நாகப்பன் முன்னால, பக்கத்துல ஊன்றுகோலு. மயிலாள் சொவத்துல சாஞ்சுக்கிட்டு. எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தாங்க. கீழ தமிழ்ல எழுத்து வருது. பாதிப் பேருக்குப் படிக்க வராது, வர்றவங்களுக்கும் அந்த வேகத்துக்கு முடியலை. அதனால சுகந்தி சத்தமாப் படிச்சுச் சொல்லிக்கிட்டே வருது.

யானை வந்தா ஆரவாரம் பண்றாங்க. அவங்கவங்க மூஞ்சி வந்தாச் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சுக்கிட்டு இருக்கறேன். ஆத்துச் சீனு வந்துச்சு. மயிலாள் பேசுது. அதுக்குப் படிக்க வேண்டியதில்ல, அவிய பேச்சு. டோபி கேக்கறான். நான் சொல்றேன். சுகந்தி படிச்சுச்சு. "பச்சை இலை மிதந்து வருதாம். நல்ல சகுனமாம்."

யாரும் என்னைத் திரும்பிப் பாக்கலைங்க. பாத்திருந்தாத் தேவலாம். மயிலாள் சொவத்துல இருந்து முதுகை எடுத்துச்சு, நேரா உக்காந்துச்சு. சொவத்தையே பாக்குது. நான் மேடத்தைப் பாத்தேன், அவங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

அப்பத்தான் நாகப்பன் கையத் தூக்கினான். நிறுத்தச் சொன்னான். என்னைப் பத்தித்தான் பேசப்போறான்னு நெனச்சேன். அவன் திரும்பி எல்லாரையும் பாத்துச் சிரிக்கறான். "நான் நடக்கறேன் பாத்தீங்களா? பொட்டியப் புடிக்காம. மறுக்காப் போடுங்க" அப்படிங்கறான்.

அவன் அந்தப் பேச்சைக் கவனிச்சானா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. அவன் தன்னோட காலைத்தான் பாத்தான்.

மறுக்காப் போட்டாங்க. அவன் நடக்கறதை மட்டும் போடறதுக்கு முடியலை, சீனு ஆரம்பத்துல இருந்துதான் வருது. மயிலாள் பேசுது, டோபி கேக்கறான், நான் சொல்றேன், சுகந்தி படிக்குது. அப்புறம் அவன் நடக்கறான். அவனுக்குக் கண்ணெல்லாம் தண்ணி, சிரிச்சுக்கிட்டே இருக்கறான். பாதத்தை எப்படி வெக்கறேன் பாரு, பெருவிரலை மொதல்ல ஊனணும்னு பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லிக் குடுக்கறான். மறுக்காங்கறான். மூணாவது தடவையும் அதேதான். மயிலாள் பேசுது. நான் சொல்றேன். சுகந்தி படிக்குது. எந்திரிச்சுப் போலாம்னு பாக்கறேன், வாசல் வரைக்கும் ஜனம் உக்காந்திருக்குது. நாலாவது தடவை கேட்டான் நாகப்பன். மேடம் யோசிக்கறாங்க. மயிலாள்தான் பேசுச்சு. மெதுவாத்தான் பேசுச்சு.

"சுகந்தி, நீ படிக்க வேண்டாம். அவரு நடக்கறதை எத்தனை தடவை கேட்டாலும் போடட்டும்."

நாலாவது தடவை யாரும் படிக்கலை. என்ற குரலு இங்கிலீசுல மட்டும் வருது. அந்த ரூமுல இங்கிலீசு தெரிஞ்சவங்க மூணே பேரு. ஆனா புரியாத ஆளு ஒருத்தர் இல்ல.

மைசூர்பாகை நாற்காலியிலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை போனேன். கதவு தொறந்துதான் இருக்குது. மயிலாள் என்னைப் பாத்ததும் உள்ள போயி நாகப்பனுக்கு வேண்டியதை எடுத்து வெக்குது, வெளிய வர்றதில்ல. திட்டினாக் கூடப் பதில் சொல்லலாம். என்ற பக்கம் ஒரு நாயம் இருக்குதுல்ல அம்மிணி? அதைக் கேக்கவே ஆளு இல்ல. இப்பக் காட்டு வேலையெல்லாம் விட்டுட்டேன். வால்பாறையில ஒரு தோட்டத்துப் பங்களா, டிவி சீரியலுக்குக் கேக்கறாங்க, அதைப் பாக்கத்தான் போயிட்டு இருக்கறேன்.

நீங்க எங்க எறங்கறீங்க? அட, பாறைமேடு ஸ்டாப்பா? அப்ப அவியளைப் பாக்கத்தான் போறீங்களா. சொல்லவே இல்லையே. அவிய பேச்சு உங்களுக்குப் புரியாதே. நான் வேணா கூட வரட்டுங்களா? பங்களாவ நாளைக்குப் பாத்துக்கலாம். பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாப் போதும்.

ஓ. சுகந்தி வருதா. சரி, சரிங்க. அதா நிக்கறா பாருங்க, சிவப்புக் கொடை. நான் இந்தப் பக்கம் தள்ளி உக்காந்துக்கறேன். அவ பாக்க வேண்டாம்.

பையை மறந்துபோடாதீங்க. அம்மிணி, மயிலாளைப் பாத்தா நான் சொன்னதைச் சொல்லுங்க. அப்படியே சொல்லணும். நடுவுல எதையும் விட்டுப்போடாதீங்க.